நான் பார்க்கச் சொன்ன தொடர்

புலம்பெயர்ந்து நான் வசிக்கும் இல்-பிசார் தீவிலிருந்து தினமும் என்னைத் தன் காரில் வேலைக்குக் கூட்டிச் செல்பவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். வேறொரு நாட்டின் கலவரக் காலத்தில் நாலு பள்ளித் தோழிகள் அடிக்கும் லூட்டியைச் சொல்லும் நகைச்சுவைத் தொடர் ஒன்றை அவரைப் பார்க்கச் சொன்னேன்.

“உங்க கதை மாதிரியே இருக்கும் அக்கா. சிரிச்சுட்டே இருப்பீங்க.”

அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். “முழுக்கப் பாத்திட்டன். நல்லாச் சிரிச்சனான். அந்தப் பிள்ளையள் நாலு பேரும் கடைசி வரைக்கும் உயிரோட இருக்கினம், என்ன?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போயும், அவருடைய தோழிகளைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“மன்னிச்சிருங்க அக்கா.”

“ஏன்? நல்ல தொடர்தானே” என்றவர், சோதனைச் சாவடியில் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்ட தன் தோழியைப் பற்றிச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அவள் இப்போது எங்கே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.