ஒரு கோப்பைக்கு ஒரு பக்கற்

மகளுக்கு அப்போது இரண்டு வயது. வயிற்றோட்டம் நிற்கவில்லையென்று உப்புக்கரைசல் பக்கற்றுகள் வாங்கி வந்தேன். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கும்படி அதில் எழுதியிருந்தது. வாசித்தேன். ஆனால் ஒரு லீற்றரை இவள் எங்கே குடிக்கப்போகிறாள்? மருந்து முழுவதும் உள்ளே போகட்டுமென்று ஒரு கோப்பைத் தண்ணீரிலேயே முழுப் பக்கற்றையும் கொட்டிக் கரைத்தேன். முகத்தைச் சுளித்தாள். விடாமல் பருக்கினேன். அப்படி இரண்டு கோப்பை. அடுத்த நாள் காலை அவள் கண்ணீரில்லாமல் அழுதாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“எவ்வளவு தண்ணியில கரைச்சனீங்கள்?” என்று தாதி கேட்டார்.

“ஒரு கோப்பையில, மிஸ்.”

எழுதுவதை நிறுத்தினார். “முன்னால கடல் கிடக்குது. அதையே அள்ளிக் குடுத்திருக்கலாமே. படிச்சனீங்கள்தானே?”

“ஓம்.”

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். வெங்காயத் தோலை உப்புநீரில் இட்டு, கலங்கள் சுருங்குவதை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்தவள். படத்துக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது.

மகள் “தண்ணி, தண்ணி” என்றாள். போத்தலை எடுத்த என் கையை டொக்டர் தடுத்தார்.

“அவசரப்படாதேங்கோ, அம்மா. இரத்தத்தில உப்புக் கூடினா மூளையில இருக்கிற கலங்கள் தண்ணியை இழந்து சுருங்கும். பிறகு அதை உணர்ந்து, உள்ளுக்குச் சின்னச் சின்னப் பொருளுகளைச் சேர்த்துத் தண்ணியைப் பிடிச்சு வைக்கப் பார்க்கும். இப்ப ஒரேயடியாத் தண்ணியைக் குடுத்தா அதுகளுக்குள்ள பாய்ஞ்சு மூளை வீங்கிப்போகும். சேர்த்ததை அதுகள் மெல்லத்தான் வெளியில விடும்.”

“எவ்வளவு நேரம், டொக்டர்?”

“நாளை வரைக்கும் பிடிக்கும்.”

மகளின் கையில் சேலைன் ஏறியது. வாயால் பத்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி தண்ணீர்ப் போத்தலை என் கைப்பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவள் கண் கைப்பையிலேயே நின்றது. போன கரண்டி நிறைந்திருந்ததா, பத்து நிமிடம் ஆனதா, எனக்கே சந்தேகம். இடுப்பு விட்டுப்போனது.

தாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “குடியுங்கோ, அம்மா. உங்களுக்கு அளவில்லை.”

அது ஆறிப்போய் ஏடு கட்டியது.

மறுநாள் பின்னேரம் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அந்தத் தாதியே வந்தார். “உப்பு இறங்கீட்டுது. போத்தலைக் குடுங்கோ.”

“எவ்வளவு குடுக்கட்டும், மிஸ்?”

“பிள்ளை கேட்கிற அளவு.”

மகள் இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டாள். நான் மிடறுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.