இரண்டு கட்டத்திலும் கணக்கு

இன்டர்மீடியட் சேர்வதற்காக நாகர்கோவில் கல்லூரி வராந்தாவில் வரிசையில் நின்றபோதுதான் அவளைப் பார்த்தேன். முட்டம் கடற்கரைப் பெண். கறுத்து, மெலிந்து, என்னைவிட ஒரு சாண் உயரம். அடிக்கடி ஒரு கண்ணை மூடி, வராந்தாத் தூணையும் வெளியே நின்ற தென்னையையும் சேர்த்துப் பார்த்தாள். தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

எந்தப் பாடம் வேண்டும் என்று எழுத விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்; முதல் விருப்பம், அது கிடைக்காவிட்டால் இரண்டாவது. அவள் இரண்டிலும் கணக்கு என்றே எழுதியிருந்தாள்.

கிளார்க் எரிச்சலானார். “இது கிடைக்கலேன்னா உனக்கு எடமே கிடையாது பிள்ளே. ரெண்டாவதா வேற எழுது.”

“வேற வேண்டாம் சார்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “கணக்குல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“கடலுக்கடியில மீனு கெடக்க பாறைய எங்கப்பா கரையப் பாத்தே கண்டுபிடிப்பாரு. கோயில் சிலுவையும் பொறத்த நிக்க மலையும் ஒரே நேர்ல வரணும். அந்தப் பக்கம் லைட் அவுசும் ஒரு பனையும் நேர்ல வரணும். ரெண்டும் வந்தா அங்கதான் தூண்டில் எறக்குவாரு. ஒருநாளும் தப்பாது. ஏன் தப்பலேன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியணும்.”

என் விண்ணப்பத்தைப் பார்த்தேன். இரண்டு கட்டங்களையும் மாமாவே நிரப்பியிருந்தார். சரித்திரம் சுலபம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் என்னுடையது.

அவள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. சுசீந்திரம் திரும்பும் பஸ்ஸில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தையே பார்த்தேன். வயல் நடுவே நின்ற ஒற்றைப் பனை மெல்ல நகர்ந்து வந்து அதன்மேல் பொருந்தியது. அந்த ஒரு கணம், நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.