குழாய் கிடந்த இடம்

ஒன்றியத்தில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் நான் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகமாட்டேன். குழாய்கள் எந்த ஊரில் கிடக்கின்றன என்று விசாரிப்பேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வட்டார நிருபராக இருந்தேன். செய்தியை எழுதி உறையில் போட்டு மதியம் புறப்படும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ அச்சில் வரும். சாலை விபத்து, ஏரிக்கரை உடைப்பு, கோயில் உற்சவம் ஆகியவைதான் வழக்கமான சரக்கு. இவற்றோடு நான் கவனித்துவந்த ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று தவறாமல் செய்தி தந்துகொண்டிருந்தது. அது எந்த ஒன்றியம் என்பது முக்கியமில்லை.

ஒவ்வொரு கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவரும் ஒன்றியத்தில் உறுப்பினர். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைச் சேர்மன் ஆக்குவார்கள். பிடிக்காவிட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்குவார்கள். டெல்லி பார்லிமெண்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் இருந்தது. ஆளும் தரப்பு ஒரு பக்கப் பெஞ்சில், எதிர்த்தரப்பு மறு பக்கப் பெஞ்சில். எந்தப் பக்கமும் சேராத சிலர் ஜன்னல் ஓரத்தில், காற்றுக்காக உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் இரு தரப்பும் அவர்களுக்குத்தான் முதலில் டீ வாங்கித் தரும்.

ஜன்னல் ஓரத்துக்காரர்களில் ஒருவர், ஓடைக்கு அக்கரையில் இருந்த ஒரு சிறிய ஊரின் தலைவர். நாற்பது வயதிருக்கும். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுபவர். அதிகம் பேசமாட்டார். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும் ஊர் துண்டாகிவிடும். ஓடையில் குழாய் போட்டு ஒரு சிறுபாலம் கட்டித் தருவதாக ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்து அவர் தலைவராகியிருந்தார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு காரணமும் இருந்தது. அவருடைய மகள் ஸ்ரீபெரும்புதூர் உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவள் படிப்பு நின்று, தை பிறந்த பிறகு தொடரும். அவள் பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோது தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு, அரசாங்கப் பரீட்சை. அப்போதும் இப்படி மாதக்கணக்கில் வராமல் இருந்தால் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். டவுனில் தங்கவைக்க உறவு இல்லை. இதை அவர் பஸ் நிறுத்தத்தில் வைத்து என்னிடம் சொன்னார்.

"அந்தத் தண்ணி செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் போவுது சார். மெட்ராஸ்காரன் குடிக்கிறான். போற வழியில எம் பொண்ணு படிப்ப நிறுத்திட்டுப் போவுது."

சேர்மனாக அப்போது இருந்தவர் ஒரு அரிசி மில் சொந்தக்காரர். அவருக்கு இரண்டொரு ஓட்டு வித்தியாசத்தில்தான் பெரும்பான்மை. துணைத் தலைவராக இருந்த லாரிக்காரர், தானே சேர்மனாக வேண்டும் என்று ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். ஆகவே மில்காரர் ஜன்னல் ஓரத்துக்காரர்களைத் தன் மில்லுக்கு அழைத்து, நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். எழுதி வாங்கிய கையெழுத்தை மறுக்கலாம், கற்பூரத்தை மறுக்க முடியாது என்பார்கள்.

மற்றவர்கள், கடைசிவரை உங்களோடு என்று அடித்தார்கள். அக்கரைத் தலைவர் மட்டும் தட்டுக்கு முன்னால் நின்று யோசித்தார். ஆட்களை நம்பி ஏமாற அவருக்கு விருப்பமில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றின்மேல் சத்தியம் செய்ய நினைத்தார்.

"குழாய் எங்க கீதோ அங்க நான். இன்னைக்கும் அதான், என்னைக்கும் அதான்," என்று சொல்லிக் கற்பூரத்தின்மேல் கை வைத்தார்.

மறுவாரமே குழாய்கள் வந்துவிட்டன. பெரிய சிமெண்டுக் குழாய்கள் நான்கு. ஆள் குனிந்தால் உள்ளே நுழைந்து வெளியே வரலாம். ஓடைக்கரையில், புளியமரத்துக்குக் கீழே இறக்கிவைத்தார்கள். ஊரில் தேங்காய் உடைத்தார்கள். 'கிராம மக்களின் நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறுகிறது' என்று நானும் எழுதி அனுப்பினேன்.

நிறைவேறவில்லை. ஓவர்சியர் வந்து அளந்துவிட்டுப் போனார். பிறகு கல் இல்லை என்றார்கள், அதன் பிறகு மேஸ்திரி இல்லை. அந்த வருட மழையில் குழாய்கள் கரையிலேயே நனைந்தன. ஆடு மேய்ப்பவர்கள் அவற்றுக்குள் ஒதுங்கினார்கள்.

மழை விட்டதும் லாரிக்காரர் மில்காரரைக் கவிழ்த்தார். செங்கல் சூளைகள் இருந்த ஊரின் தலைவர் கட்சி மாறியதுதான் காரணம். அக்கரைத் தலைவர், குழாய் தன் ஊரில் கிடந்ததால், சத்தியப்படி மில்காரருக்கே ஓட்டுப் போட்டார். புதிய சேர்மனின் முதல் கூட்டத்தில் முதல் தீர்மானம், பழைய சேர்மனின் முடிவுபெறாத வேலைகளை எல்லாம் ரத்து செய்வது. இது ஒவ்வொரு புதிய சேர்மனும் தவறாமல் செய்தது. சாயங்காலமே அவருடைய சொந்த லாரி வந்து குழாய்களை ஏற்றிக்கொண்டு சூளைக்கார ஊருக்குப் போனது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அன்று, "ஆட்சி ஏறிப் போவுது பார்," என்று ஒருவர் லாரியைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

சூளைக்கார ஊரிலும் குழாய்கள் மண்ணுக்குள் போகவில்லை. அறுவடை முடிவதற்குள் மில்காரர் மறுபடி பெரும்பான்மை சேர்த்தார். குழாயைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்னால் அக்கரைத் தலைவரின் ஓட்டும் திரும்பிவரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லாரிக்காரர் இறங்கினார். குழாய்கள் இந்தத் தடவை மாட்டு வண்டிகளில், பழைய புளியமரத்துக்கே வந்து சேர்ந்தன. வழியில் ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது.

பத்து வருடம் கழித்து டெல்லியில் ஒரு கூட்டணி அரசு கவிழ்ந்து, அடுத்து வந்ததும் நிற்காமல், யார் யார் பக்கம் என்று தினமும் பட்டியல் வெளிவந்த மாதங்களில், பத்திரிகையிலிருந்து எனக்கு ட்ரங்க் கால் வந்தது. கிராமத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். பலரைக் கேட்டேன். கொள்கை என்ற சொல்லை ஒருவரும் பயன்படுத்தவில்லை. தலைப்பு மட்டும் 'மக்கள் அதிருப்தி' என்று வந்தது. அதிருப்தி என்பது அதற்குச் சரியான சொல்லா என்று எனக்கு இன்றும் சந்தேகம். எதிர்பார்த்தவனுக்குத்தானே அதிருப்தி வரும்? குழாய் போவதையும் வருவதையும் பார்த்தவர்கள், டெல்லிச் செய்தியை மழைச் செய்தி போலத்தான் கேட்டார்கள்.

திரும்ப ஒன்றியத்துக்கு வருகிறேன். அது குழாய் திரும்பிவந்த வருடத்துப் புரட்டாசி மாதம். மகள் பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. குழாய்கள் புளியமரத்தடியில் கிடந்தன. லாரிக்காரர் மறுபடி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்திருந்தார். இந்தத் தடவை எண்ணிக்கை அக்கரைத் தலைவரின் ஒரே ஓட்டில் வந்து நின்றது.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாட்களில் உறுப்பினர்கள் ஊரில் இருப்பதில்லை. எதிர்த்தரப்பு தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால், தன் தரப்பே முந்திக்கொண்டு தூக்கிக்கொண்டு போய்விடும். புரட்டாசி என்பதால் மில்காரர் தன் ஆட்களை வேனில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோனார். லாரிக்காரர் தன் ஆட்களை மகாபலிபுரத்தில் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் காவலுக்கு ஆள் வேண்டும் என்று ஓவர்சியர், குமாஸ்தா, காண்டிராக்டர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கேட்பதற்கு யாருமில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின சனிக்கிழமை காலை குழாய் எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் சைக்கிளில் போனேன். புளியமரத்தடியில் காணோம். லாரிக்காரர் முந்திவிட்டார் என்று நினைத்தேன். ஓடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

காய்ந்த ஓடையில் ஊரே இறங்கியிருந்தது. பெரும்பாலும் பெண்கள். சூளையிலிருந்து வண்டியில் கொண்டுவந்த உடைந்த செங்கல்லைப் பரப்பி, அதன்மேல் மூன்று குழாய்களை இறக்கிவிட்டிருந்தார்கள். நான்காவதை, விளிம்பு உடைந்ததை, வடக்கயிறு கட்டிச் சரிவில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையில் அக்கரைத் தலைவரின் மனைவி நின்றார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

"உத்தரவு குடுக்கிறவங்க எல்லாம் பெருமாள சேவிக்கப் போயிக்கிறாங்க. நாங்க இங்க குழாய சேவிச்சிக்கினு கீறோம். நீயும் ஒரு கை புடி, ரிப்போட்டரு."

பிடித்தேன். குழாய் உட்கார்ந்ததும் அவர் கரையில் ஏறி உட்கார்ந்து, செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாரு? எல்லாம் அவரு வாயால வந்த வினை. குழாய் எங்க கீதோ அங்க நான்னாரு. அப்பறம் எவன் சார் அத்தப் பள்ளத்துல எறக்குவான்? எறக்கிட்டா இவரு ஓட்டு கையவுட்டுப் பூடுமே. கரை மேல கெடந்தாத்தான் அவனுக்குச் சேர்மன் நாற்காலி."

ஒன்றியத்தைப் பற்றி ஏறக்குறைய இரண்டு வருடமாக நான் எழுதியனுப்பியிருந்த எதிலும் இந்த விஷயம் இல்லை. அக்கரைத் தலைவர் சத்தியம் செய்தபோது அதைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். இவ்வளவு தெளிவான நிபந்தனை வைத்த உறுப்பினர் வேறு யாருமில்லை. அந்தத் தெளிவைத்தான் இரண்டு சேர்மன்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். போடாத குழாய் ஒரு ஓட்டுக்குச் சமம், போட்ட குழாய்க்கு மதிப்பில்லை.

திங்கட்கிழமை வாக்கெடுப்பு. வேன் திருப்பதியிலிருந்து நேராக ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் மொட்டை. அக்கரைத் தலைவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் உறுதிசெய்ததும், தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தார். செய்தி அதற்குள் உள்ளே போய்விட்டது.

வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. கூட்டத்தை நடத்தினார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். லாரிக்காரர் பக்கம் கைகள் எழுந்தன. ஒரு கை குறைந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் மில்காரர் பக்கக் கைகள் எழுந்தன. அக்கரைத் தலைவர் இரண்டு தடவையும் கையை மடியிலேயே வைத்திருந்தார். தீர்மானம் தோற்றது. மில்காரர் சேர்மனாகத் தொடர்ந்தார். மாலை போட்டார்கள். கூட்டம் கலைந்தபோது, அக்கரைத் தலைவரை வேனில் ஏற்றிப் போன மில்காரர் திரும்ப ஏற்றிக்கொள்ளவில்லை. டீ வாங்கித் தரவும் யாரும் வரவில்லை. நானும் அவரும் பஸ்ஸில் வந்தோம்.

ஊர் நெருங்கும்போது, "இப்ப நான் எந்தப் பக்கம்னு ஒருத்தனும் கேக்கல சார்," என்றார். குரலில் வருத்தம் கொஞ்சம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடை வரைக்கும் நடந்தோம். குழாய்கள்மேல் கிராவல் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள். அவர் அதன்மேல் ஏறாமல், பக்கத்தில் ஓடைக்குள் இறங்கிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். உடைந்த குழாய் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது என்றார்.

வாக்கெடுப்புச் செய்தி பெரிதாகவே வந்தது. கூடவே பாலத்தைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பத்திகளை வெட்டிவிட்டார்கள். இடம் போதவில்லை என்று விளக்கினார்கள். அரசாங்கப் பொருளை உத்தரவில்லாமல் எடுத்ததாக ஊருக்கு ஒரு நோட்டீஸ் போனது. பிறகு ஓவர்சியர் வந்து பார்த்தார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு நெல் வண்டி கடந்துபோனது. எடுப்பதைவிட, ஒன்றியமே போட்டதாக ஏற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவாயிற்று. பொங்கலுக்குள் மில்காரரின் பெயர் பொறித்த கல் ஒன்று அங்கே நடப்பட்டது. அடுத்த ஆட்சியில் லாரிக்காரரின் கல்லும் எதிரே வந்தது.

வாக்கெடுப்புக்கு அடுத்த மாதமே, ஐப்பசியில், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. தாழ்ந்த குழாயின் பக்கம் தண்ணீர் மேலே ஏறி ஓடிய சில நாட்களில் தலைவரின் மகள் பள்ளிக்கு வரவில்லை. மற்ற நாட்களில் வந்தாள். பஸ் நிறுத்தத்தில், முழங்கால்வரை சேறு காய்ந்த பாவாடையோடு, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியர் பரீட்சைக்கு அனுப்பினார். கணக்கில் தவறினாள். செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாள்.