நார்மல் என்று எழுதிய பாட்டில்

நாகஜோதி என் கொழுந்தன் பெண்டாட்டி. கோச்சடையில் ஒரே வீடு. அவள் மாடியில், நான் கீழே. பன்னிரண்டு வருஷமாக ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். பாட்டில் கழுவுகிற வேலை என்றுதான் ரொம்ப நாள் நான் நினைத்திருந்தேன். அவளும் என்னைத் திருத்தவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அவள் கல்லூரிக்கு முட்டை கொண்டு போவாள். வெள்ளைக்கரு பிள்ளைகளின் சோதனைக்கு. மஞ்சள்கரு டப்பாவில் திரும்பி வரும். அதை என் அடுப்பில் பொரியல் ஆக்குவாள். முதல் தடவை விஷயம் தெரிந்தபோது வாயில் வைத்ததைத் துப்பிவிட்டேன்.

"லேப்புல கெடந்ததையாடி எங்களுக்குப் போடுற?"

"அக்கா, லேப்புக்குள்ள போகவே இல்ல. ஸ்டாஃப் ரூம்ல உடைச்சு, அங்கயே பிரிச்சு எடுத்துட்டு வாரேன்."

இன்னொரு நாள், எச்சிலை வைத்து ஒரு சோதனை என்றாள். இருபத்திநாலு பொண்ணுகள் வரிசையாக நின்று பீக்கரில் துப்புவார்களாம். அந்த எச்சிலை மாவுக்கஞ்சியில் கலந்து, எத்தனை நிமிஷத்தில் கஞ்சி சர்க்கரையாக மாறுகிறது என்று பார்ப்பார்களாம். இதைப் படிக்கவா பெற்றவர்கள் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். சிரித்தாள்.

ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் முதல் நாளே தான் தனியாகச் செய்து பார்த்துவிடுவாள். மருந்து பழசாகியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவாள். வெள்ளி நைட்ரேட் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். கல்யாண வீடுகளில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

இத்தனை செய்தும் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம்தான். இந்த வருஷம்தான் நிரந்தரம் ஆக்குகிற பட்டியலில் பெயர் ஏறியது. ஜூன் மாதம் கமிட்டி உட்காரும். துறைத் தலைவி ஜாய்ஸ் மேடம் அவளைக் கூப்பிட்டு, "அதுவரைக்கும் உன் பேர்ல ஒரு புகார் வரக்கூடாது நாகஜோதி. ஒண்ணு வந்தாலும் பேரை அடிச்சிருவாங்க" என்று சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. அதற்கு முதல் நாள் சாயங்காலம் கையில் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலோடு கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. கோவிச்சுக்கிராதீங்க."

"முட்டையா? ரெண்டுதான் கெடக்கு."

"முட்டை இல்லக்கா. நாளைக்குக் காலைல மொத யூரின் இதுல புடிச்சுத் தரணும்."

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"யாரோட யூரினு?"

"உங்களோடதுதான்."

"ஏன்டி, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? என் மூத்திரத்தக் கொண்டுபோய்க் காலேஜ்ல என்னடி செய்யப்போற?"

உட்கார்ந்து விளக்கினாள். பரீட்சையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குழாயில் சிறுநீர் கொடுப்பார்களாம். சிலதில் இவளே வெள்ளைக்கரு கலந்திருப்பாள். சிலதில் குளுக்கோஸ். சிலதில் ஒன்றுமே கலந்திருக்காது, அது நார்மல். எதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்கு அடிப்படையாக, நோய் இல்லாத ஒரு ஆளுடைய சுத்தமான சிறுநீர் வேண்டும். வருஷா வருஷம் அட்டெண்டர் சோலைதான் கொடுப்பாராம். அந்த வாரம் பார்த்து அக்கா மகள் காதுகுத்துக்கு உசிலம்பட்டி போய்விட்டார்.

"உன்னோடதையே புடிச்சுக் கொண்டுபோக வேண்டியதுதான?"

"எனக்கு இன்னைக்கு மூணாம் நாளுக்கா. ரத்தம் கலந்துரும், சோதனை கெட்டுப்போகும்."

"உன் புருஷன்?"

"அவுக சளிக்கு மாத்திரை திங்கிறாக. ஆகாது."

"அப்ப எங்க வீட்டு மனுசன்கிட்ட கேக்கவா?" என்றேன், வேண்டுமென்றே.

"ஐயையோ அக்கா, பெரியவுககிட்டயா! நான் அப்புறம் எப்படி அவுக மூஞ்சியில முழிப்பேன்?"

கொடுத்தேன். மறுநாள் காலை பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் படாமல் தனியாக ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தெருவில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கேட் வரைக்கும் நான் கூடவே போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளும் ஜாய்ஸ் மேடமும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனது.

சோலை கொண்டுவருகிற சிறுநீரை அவள் மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் குழாய்களில் ஊற்றுவாளாம். என் பாட்டிலைச் சோதிக்கவே இல்லை. நேரம் இருந்தது, மருந்தும் இருந்தது. ஏன்டி என்று பிறகு கேட்டேன்.

"வீட்டுல மூத்தவுக குடுத்தத, நோய் இருக்கா இல்லையான்னு கொதிக்கவச்சுப் பாக்க மனசு வரலக்கா. உங்கள சந்தேகப்படுற மாதிரி இருந்துச்சு."

இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

இருபத்திநாலு குழாய்கள். எட்டில் வெள்ளைக்கரு, எட்டில் குளுக்கோஸ், எட்டு நார்மல். எந்த எண்ணில் எது என்று எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டி, வெளிக் கல்லூரியிலிருந்து பரீட்சை நடத்த வந்த பீமாராவ் சாரிடம் கொடுத்தாள்.

சர்க்கரை பார்க்க ஒரு நீல மருந்து. அதில் சிறுநீர் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், அதிகமானால் செங்கல் நிறம். சரண்யாதேவி என்று ஒரு பொண்ணு, வகுப்பில் முதல் மார்க். அவளுக்கு வந்தது நார்மல் குழாய். செங்கல் நிறம் காட்டியது. வேறு குழாய் கழுவி மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் செங்கல். சர்க்கரை உண்டு என்று எழுதினாள்.

பீமாராவ் சார் உறையைப் பிரித்து ஒத்துப்பார்த்தார். நார்மல் வாங்கிய எட்டுப் பேரும் சர்க்கரை என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கரு வாங்கிய எட்டுப் பேரும் அதோடு சர்க்கரையும் என்று எழுதியிருக்கிறார்கள்.

"பதினாறு பேர் ஒரே தப்பைச் செஞ்சா அது தப்பு இல்ல மேடம், காப்பி. இந்தக் கேள்விக்கு பதினாறு பேருக்கும் சைபர்" என்றாராம் ஜாய்ஸ் மேடத்திடம்.

சரண்யாதேவி அழுதுகொண்டே, "சார், நான் யாரையும் பாக்கல. கண்ணால பாத்தத எழுதுனேன்" என்றிருக்கிறாள்.

நாகஜோதி ஃப்ரிட்ஜைத் திறந்து என் பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்திருக்கிறாள். எதுவும் கலக்காதது. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு அடுப்பில் காட்டினாள். பச்சை ஆனது. அதோடு நின்றுவிடும் என்று நினைத்தாளாம். மஞ்சள் ஆகி, பிறகு செங்கல் ஆனது. இடுக்கியில் பிடித்த குழாய் அடுப்பில் தட்டியதாம்.

ஜாய்ஸ் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து மெதுவாக, "கமிட்டி இருக்கு. அத சிங்க்ல ஊத்திட்டுப் பேசாம போ. நான் அவர்ட்ட சொல்லி ஏதாவது பண்றேன்" என்றிருக்கிறார். நாகஜோதி அந்தக் குழாயோடு நேரே பீமாராவ் சார் மேஜைக்குப் போனாள்.

"சார், பிள்ளைக சரியாத்தான் எழுதியிருக்குக. நான் நார்மல்னு எழுதுனதுதான் நார்மல் இல்ல. சோதிக்காம ஊத்திட்டேன். தப்பு என்னோடது."

மார்க் திருத்தப்பட்டது. கூடவே அவர் அறிக்கையில் டெக்னீஷியனின் அலட்சியம் என்றும் எழுதிவிட்டுப் போனார்.

மத்தியானம் எனக்கு போன் வந்தது.

"அக்கா, ரெண்டு மாசமா கெடந்த உங்க கால் பெருவிரல் புண்ணு ஆறிருச்சா?"

"காலேஜ்ல இருந்து போன் போட்டு இதையாடி கேக்குற?"

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"

"வெயில் காலம், ஒரு குடம் தண்ணி குடிக்கிறேன். எந்திரிக்காம?"

"கெளம்பி இருங்க. வாரேன்."

ஆட்டோவில் வந்து இறங்கி என்னை ரத்தம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை முந்நூற்று நாற்பத்திரண்டு. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. தெருவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சோறு கொண்டு போகிறவள் நான். வீட்டுக்காரர் வெள்ளைத்துரையிடம் காட்டினேன்.

"மிஷினு கெட்டுப்போயிருக்கும். உனக்கெல்லாம் எங்கிட்டு வருது சுகரு? வாயத் தொறந்தாலே மொளகாதான!" என்றார். அதற்குப் பிறகு அவரும் சாப்பிடவில்லை.

மூன்று நாள் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். நாலாம் நாள் ஜாய்ஸ் மேடம் எனக்கு போன் செய்தார். நாகஜோதிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். நார்மல் என்று எழுதிய பாட்டிலில் கவனக்குறைவாகக் குளுக்கோஸைக் கலந்துவிட்டாள் என்று குற்றம். அது நின்றால் நிரந்தரம் கிடையாது, இருக்கிற வேலையும் போகும். தான் கலக்கவில்லை, கொடுத்தவருக்கே சர்க்கரை இருந்தது என்று அவள் பதில் எழுதியிருக்கிறாள். கொடுத்தது யார் என்ற இடத்தில், "சொல்ல இயலாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மாடி ஏறினேன்.

"என் பேர எழுதுனா உன் கை தேஞ்சு போகுமாடி?"

துவைத்த துணியை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நம்ம திவ்யாவுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். மெமோவ விசாரிக்கிற கமிட்டில ஒருத்தரு, வந்திருக்கிற மாப்ளைக்குச் சித்தப்பா. பொண்ணோட ஆத்தாளுக்கு இம்புட்டு சுகருன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்பாக."

இவள் தன் வேலை போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள், என் மகள் சம்பந்தத்துக்காக.

"உனக்கு யாருடி இந்தக் கணக்கெல்லாம் போடச் சொன்னா? ஓடுற மாப்ள இன்னைக்கே ஓடட்டும். கட்டிட்டு ஓடுனா என்ன செய்வ?"

மறுநாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே கல்லூரிக்குப் போனேன். விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஜாய்ஸ் மேடம். சுவரை ஒட்டி நாகஜோதி. தாளை மேஜையில் வைத்து, "அந்தப் பாட்டில் என்னோடது" என்றேன்.

நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, சரிம்மா. அன்னைக்கு வந்தது உங்களோடதுதான்னு என்ன ஆதாரம்?"

"ஒரு பாட்டில் குடுங்க. பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?"

ஜாய்ஸ் மேடம் தலையைக் குனிந்துகொண்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாட்டில் வந்தது. போய்விட்டு வந்தேன். லேப்பில் அவர்கள் மூன்று பேர் கண் முன்னால் நாகஜோதிதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். எதையும் கலக்கவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் குழாயைப் பிடித்தாள். நாலு நாள் மாத்திரைக்குப் பிறகும் அது நீலத்தில் நிற்கவில்லை, பச்சையிலும் நிற்கவில்லை. என் உடம்புக்குள் ஓடுகிறது அந்த நிறமாகக் கொதிப்பதை அப்போதுதான் நானே கண்ணால் பார்க்கிறேன். ஆதாரம் கேட்டவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "போதும்மா, போதும்" என்றார்.

கலந்துவிட்டாள் என்ற குற்றத்தை அடித்துவிட்டார்கள். சோதிக்காமல் விட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்தார்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. அது நியாயம்தான் என்று நானும் அங்கேயே சொன்னேன். நாகஜோதி கையெழுத்துப் போட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நிரந்தர உத்தரவு ஜூன் பத்தாம் தேதி வந்தது. அன்றைக்கு நாகஜோதி கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள், எனக்கு மட்டும் தரவில்லை.