கீழேயிருந்து வந்த பதில்

என் மச்சினனுக்குக் கதை கட்டத் தெரியாது. ஆபீசில் லீவு கேட்க ஒரு சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்து மாட்டிக்கொள்கிற ஆள். அவன் சொன்னது இது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

வீடு வீடாகப் போய் ரேடான் சோதிப்பது அவன் வேலை. மண்ணுக்கடியிலிருந்து தரை விரிசல் வழியாக ஏறி வரும் வாயு அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூடிய அறையில் தேங்கி நின்றால், வருஷக்கணக்கில் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

அந்த வீட்டைப் புதிதாக வாங்கியவர் ஒரு நர்ஸ். நிலவறையை மகளுக்கு விளையாட்டு அறையாக்க ஆசைப்பட்டார். மச்சினன் அங்கே ஒரு ஸ்டூல்மேல் கருவியை வைத்து, எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தச் சொல்லிவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து, மாலை நாலரைக்கு எடுக்கப் போனான்.

நிலவறைக்கு ஜன்னல் இல்லை. படிக்கட்டின் உச்சியில் இருந்த கதவு ஒன்றுதான் வழி. நர்ஸ் அங்கேயே நின்றார். இவன் இறங்கினான்.

நடுவில் வைத்த ஸ்டூல் சுவரோரம் நகர்ந்திருந்தது.

"அக்கா, பாப்பா கீழ வந்தாளா?"

"இல்லையே தம்பி. பூட்டித்தானே வச்சிருந்தேன்..."

படாரென்று கதவு சாத்திக்கொண்டது.

ஏறிப் போய்த் தள்ளினான். அசையவில்லை.

"அக்கா, திறங்க!"

"இழுக்கறேன் தம்பி... வரமாட்டேங்குது!"

உள்ளங்கையால் கதவை அடித்தான். தட்... தட்... தட்...

கீழேயிருந்து பதில் வந்தது.

தட்... தட்... தட்...

எதிரொலி என்று நினைத்தான். இரண்டு அடித்தான். இரண்டு வந்தது. கைகளைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

தட்...

இவன் அடிக்கவில்லை.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. ஸ்டூலின் கால்கள் கிடுகிடுவென்று ஆடின. சத்தம் மெல்ல நகர்ந்து... படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டான். மூச்சு முட்டியது.

கீழேயும் யாருக்கோ மூச்சு முட்டியது.

இவனோடு சேர்ந்து...

கதவு திறந்தது. மல்லாந்து நர்ஸின் காலடியில் விழுந்தான்.

"ஏன் தம்பி உள்ளேருந்து கைப்பிடியை இழுத்துப் பிடிச்சீங்க?"

அவன் கைகள் இன்னும் அக்குளில்தான் இருந்தன.

கருவியை மறுநாள் வேறொருவர் போய் எடுத்தார். ரேடான் மிக அதிகம். நிலவறைத் தரையைத் துளைத்து, அடியில் தேங்கும் காற்றை வெளியே இழுக்கக் குழாய் போட வேண்டும். நர்ஸ் உடனே ஆள் வைத்தார்.

வேலைக்கு வந்த மேஸ்திரி பாதியில் மச்சினனுக்குப் போன் செய்தார்.

"சார், வந்து பாருங்க. சத்தியமா நான் குடிக்கல."

படிக்கட்டருகே பெயர்த்தெடுத்த கான்கிரீட் பாளத்தைப் புரட்டிப் போட்டிருந்தார். அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அச்சுகள். கலவை ஈரமாக இருந்தபோது கீழேயிருந்து முட்டித் தள்ளியதுபோல, விரல் விரலாக.

நர்ஸ் அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். போலீஸ் ஆளுயரத்துக்குத் தோண்டியது. எலும்பு இல்லை. வெற்றிடம் இல்லை. யாரும் தொடாத, இறுகிய மண்.

அச்சுகள் மூன்று.

மூன்றும் வலது கை, வேறு வேறு அளவில்.