நாலாம் நாள் வெடித்த வில்லைகள்

சுடும் அடுப்பான போறணையிலிருந்து எடுத்தபோது பன்னிரண்டு வில்லைகளும் கல்லுப் போல இருந்தன. நாலாம் நாள் காலை அலுமாரியைத் திறந்தேன். ஏழு வெடித்துக் கிடந்தன. யாரும் தொடவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உதவியாளன். கணவாய் ஓட்டைப் பொடியாக்கி, பொசுபேற்று உப்புச் சேர்த்து, அழுத்திச் சுட்டு, முறிந்த எலும்பின் இடைவெளியை நிரப்பும் வில்லை செய்துகொண்டிருந்தோம். எலும்பு அதைப் பிடித்து வளரவேண்டும். அது பாரமும் தாங்கவேண்டும். கடைக் கல்சியம் வேண்டாம், எங்கள் ஊர்காவற்றுறை ஓடு போதும் என்று பேராசிரியரிடம் வாதாடியது நான்தான். சாக்கைத் திறந்து, வெள்ளையைப் பாருங்கோ சேர் என்று பீற்றியதும் நான்தான்.

அவர் ஒரு மாதத் தவணை தந்தார். "இனியும் வெடிச்சா கடைச் சாமான்தான். உம்மட கணவாயை நீர் கறி வைச்சுச் சாப்பிடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போறணையில் பழியைப் போட்டு, திருத்துபவரை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாம் முறை அவர் போறணையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தராசைச் சந்தேகித்தேன். கணவாய் ஓட்டை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஊர்ச் சாமான் அல்லவா!

கடைசியில் வேறு வழியில்லாமல் ஓட்டையே விசாரிக்க ஊர்காவற்றுறைக்குப் பஸ் ஏறினேன். எங்களுக்கு ஓடு சேர்த்துத் தருபவர் மரியம்மா அக்கா, கடற்றொழில் குடும்பத்துக்காரி. அவர் முற்றத்தில் அடுத்த சாக்குக்கான ஓடுகள் வரிசையாகக் காய்ந்தன. பக்கத்தில் சுண்ணாம்பு வாளி, வெள்ளை அடிக்கும் தும்புக்கட்டை.

"என்னக்கா இது?"

"கோயில் பெருநாளுக்கு வெள்ளை அடிச்ச மிச்சம், தம்பி. கம்பசுக்குப் போற சாமானை ஊத்தையா அனுப்பேலுமே? போன சாக்குக்கு ரெண்டு பூச்சு அடிச்சனான். நீங்கள் கண்ணாடி அலுமாரிக்க அடுக்கி வைக்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்."

சுண்ணாம்பால் கல்சியம் கூடி, பொசுபேற்றோடு சேராமல் மிஞ்சியது சுட்ட சுண்ணாம்பாக வில்லைக்குள் தங்கி, காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி வெடித்திருக்கிறது. கத்த வாய் திறந்தேன். ஆனால் ஓடு எதற்கென்று ஒரு நாளாவது அவரிடம் சொல்லியிருக்கிறேனா? வெட்கமாகப் போயிற்று. அன்றுதான் சொன்னேன். முறிந்த எலும்புக்கு என்றதும் அக்கா வாளியைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அடுத்த சாக்கோடு ஒரு துண்டுக் கடிதமும் வந்தது: "இது பூசாதது. ஆரோ ஒராளின்ர உடம்புக்குப் போறதெண்டு செபம் சொல்லித்தான் கட்டினனான்."

பேராசிரியர் அதை இரண்டு தரம் வாசித்தார். "செபத்தால கல்சியம் கூடாதெல்லோ?"

கூடவில்லை. நாலாம் நாள் பன்னிரண்டும் முழுதாக இருந்தன. பாரச் சோதனையிலும் தாங்கின.

இளையவர்களே, மூலப்பொருள் தருபவரிடம் அது எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போறணை திருத்துபவரிடம் நான் மன்னிப்புக் கேட்ட கதை வேண்டாம்; அவர் இன்னும் சிரிக்கிறார்.