சிங்கப்பூர் நடுவருக்கு நான் சொன்ன சாட்சி

சேதராப்பட்டில் பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். அச்சில் வெந்து வரும் வளையங்களை இழுத்து, மடக்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்துதான் என்னைச் சிங்கப்பூர் நடுவர் முன்னால் உட்கார வைத்தது.

எங்களிடம் சரக்கு வாங்கிய வியட்நாம் கம்பெனி, வளையங்கள் வெடித்துவிட்டன, ஏற்க மாட்டோம் என்றது. அவர்கள் வெயிலில் போட்டு வைத்ததால்தான் கெட்டது என்றோம் நாங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பழைய ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்து அப்படியே டைப் அடித்தது அது. முதலாளியே அன்றைக்குத்தான் படித்தார்.

“நமக்கும் வியட்நாம்காரனுக்கும் தகராறுன்னா சிங்கப்பூருக்கு இன்னாத்துக்குப் போவணும்?” என்று சென்னை வக்கீலைக் கேட்டார்.

“அவங்க கோர்ட்டை நீங்க நம்ப மாட்டீங்க, உங்க கோர்ட்டை அவங்க நம்ப மாட்டாங்க. அது பொது எடம் சார். இப்ப அங்க விதியையும் மாத்திட்டாங்க. சின்ன வழக்குக்கு ஒரே நடுவர், சீக்கிரம் முடிஞ்சிடும். நம்ம நாட்டுலயும் இதுக்காகச் சட்டத்தைத் திருத்திக்கிட்டேதான் இருக்காங்க” என்றார் வக்கீல்.

என் சாட்சியத்தை வக்கீல் ஆபீசிலேயே இங்கிலீஷில் எழுதி, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வளையத்தையும் நான் பார்த்ததாக அதில் இருந்தது.

“நூத்துக்குப் பத்துதான் சார் பாப்பேன்.”

“இப்பிடியே இருக்கட்டுமேம்மா” என்றார் முதலாளி.

“அவங்க கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது சார்.”

வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டு, நூற்றுக்குப் பத்து என்று எழுதினார். இரண்டு நாள் முதலாளி என்னிடம் பேசவில்லை.

விசாரணை வீடியோவில், சிங்கப்பூர் நேரத்துக்கு நடந்ததால், எங்களுக்குக் காலை ஏழு மணிக்கே தொடங்கியது. வில்லியனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், மேசைக்கு அடியிலும் காட்டச் சொன்னார்கள். சத்தம் கேட்கிறதென்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. முதுகெல்லாம் வேர்த்து ஊற்ற, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மொழிபெயர்த்த அம்மா பேசியதும் தமிழ்தான், ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. நான் “கையால பாத்தேன்” என்றதை அவர் என்னவென்று சொன்னாரோ, எதிர்த்தரப்பு வக்கீல், “அப்படியென்றால் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. கையால பாக்கறதுன்னா தொட்டு, இழுத்து, மடக்கிப் பாக்கறது” என்று விரல்களைத் திரைக்கு நேராக நீட்டிக் காட்டினேன். நடுவர் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.

“மீதித் தொண்ணூறு?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“பாக்கல.”

“அவற்றில் கெட்டது இருந்திருக்கலாமா?”

“இருந்திருக்கலாம்” என்றேன். இந்த வேலை இன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வேலை போகவில்லை. தீர்ப்பும் வக்கீல் சொன்னபடி சீக்கிரமே வந்தது. அனுப்பிய மூன்று தவணைச் சரக்கில் இரண்டு சரியானவை, ஒன்றில் தவறு எங்களுடையது என்று நடுவர் எழுதியிருந்தார். என் சாட்சியை நம்பியதாகவும் அதில் ஒரு வரி இருந்ததாம். முதலாளி அதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஆனால் அந்த இரண்டு தவணைக்குப் பணம் வர வேண்டுமென்றால், வியட்நாம் நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டுமாம். சோதித்ததை நான் எழுதி வைத்த ரெஜிஸ்டர்களை எல்லாம் இப்போது வியட்நாம் மொழியில் பெயர்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் வில்லியனூர் நோட்டரி முன்னால் போய் நான் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் மூன்றாவது தடவை போய்விட்டு வீடு திரும்பினேன்.

“அதான் தீர்ப்பு வந்துடுச்சே, இன்னும் இன்னா கையெழுத்து?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“சிங்கப்பூர்ல குடுத்தாங்க. அத வியட்நாம் கோர்ட்டு ஒத்துக்கணும்.”

“ஒத்துக்கலன்னா?”

முகம் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.